மூன்று ஏக்கர் நிலமும் இருபத்தைந்து கோடி ஆண்டுகளும்

தம்பி, நீங்கள் கேட்டது இது. கோயிலுக்குப் பின்னால் பழைய தோட்டத்து நிலம் மூன்று ஏக்கர் சும்மா கிடக்கிறது. உங்கள் மன்றத்துக்கு 500 மரக்கன்றுகள் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பூமி ஐந்து முறை அழிந்து ஐந்து முறையும் தானாகவே எழுந்திருக்கிறது, நாம் கை வைக்காமல் விட்டாலே காடு வந்துவிடும்" என்றாராம். இன்னொருவர், "ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 500 கன்றையும் நட்டுப் படம் பிடித்துப் போடுவோம்" என்றாராம். யார் சொல்வது சரி, பூமியின் பழைய வரலாறு இதற்கு ஏதாவது வழி காட்டுகிறதா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் மண் ஆய்வு வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். சேற்றில் இரும்புக் குழாயைச் செருகி ஆழம் பார்த்ததுதான் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி. பிறந்தது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்து லயத்தில். ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் சொன்னதில் பொய் இல்லை. ஐந்து பேரழிவுகளும் நடந்தவை, ஐந்திலிருந்தும் உயிர் மீண்டதும் நடந்ததே. எத்தனை நாளில் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கடன் கட்டாயம் திரும்பி வரும் என்று சத்தியம் செய்துவிட்டு, எந்தத் தலைமுறையில் என்று சொல்லாமல் எழுந்து போகிற ஆள் மாதிரி. மற்றவர் பேச்சும் முழுத் தவறில்லை. கடைசியாகச் செய்ய வேண்டியதை அவர் முதலில் வைத்துவிட்டார். என் கருத்து இதுதான்: தண்ணீரை முதலில் சரிசெய்யுங்கள். சுற்றுவட்டாரத்தில் பழைய காட்டு மரங்கள் எங்கே மிச்சமிருக்கின்றன என்று தேடுங்கள். கன்று அதற்குப் பிறகு. ஏனென்றால் பூமியின் பழங்கதையில் நான் படித்த வரையில், மீட்சி என்பது ஒவ்வொரு முறையும் மிச்சத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. மிச்சம் தீர்ந்துபோன இடத்தில் கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடிக் கணக்கைப் புரிந்துகொள்ள முதலில் பத்து ஆராங்குக்குப் போவோம். ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். மலாயா ரயில் அந்தக் கரியைத் தின்றுதான் ஓடியது. நிலக்கரி என்பது வேறொன்றுமில்லை, பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக்காட்டுக் குப்பை மண்ணுக்கடியில் அழுந்தி இறுகியது. நெய்வேலியில் வெட்டுகிற பழுப்பு நிலக்கரியும் இதன் பங்காளிதான்.

இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி ராஜா மூசா காட்டுக்கு வாருங்கள். அங்கே காலடியில் இருப்பது கம்புட் மண். முழுக்க மக்காத இலையும் வேரும் கட்டையும் தண்ணீரில் ஊறி ஊறிக் குவிந்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் தண்ணீர் வழியும். உள்ளங்கையில் நார் மட்டும் மிஞ்சும். பிழிந்து பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு சோதனையே. தண்ணீர் தெளிவாக வந்தால் மண் இன்னும் இளசு. சேறாகவே விரல் வழியே பிதுங்கினால் மக்கி முடிந்துவிட்டது என்று பொருள். இந்தக் கம்புட் மண்ணுக்கும் நிலக்கரிக்கும் இடையில் வித்தியாசம் காலமும் பாரமும் சூடும் மட்டும்தான். சரவாக்கில் மாருடிக்கு அருகே எடுத்த கம்புட் மண்ணிலிருந்த மகரந்தத் துகள்களையும், புருணையில் கிடைக்கும் மயோசீன் காலத்து நிலக்கரியிலிருந்த துகள்களையும் ஆண்டர்சன், முல்லர் என்ற இருவர் ஒப்பிட்டு 1975-இல் வெளியிட்டார்கள். கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தக் காடும் இன்றைய காடும் நெருங்கிய உறவுக்காரர்களாக இருந்தன.

சரி, இந்தக் காடு முற்றாக அற்றுப்போனால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், சைபீரியாவில் எரிமலைப் பிளவுகள் வாய் திறந்தன. குழம்பு மேலே ஏறுகிற வழியிலேயே நிலக்கரிப் படுகைகளையும் வேகவைத்துக்கொண்டு வந்தது. காற்றில் கரியமில வாயு ஏறியது, கடல் சூடாகி மூச்சுத் திணறியது. கடல் உயிரினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அழிந்தன. நிலத்தில் அழிந்தவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற மரக்கூட்டமும் ஒன்று. இந்தியாவில் ஜாரியா, ராணிகஞ்ச் பக்கத்து நிலக்கரி எல்லாம் அந்த மரங்கள் நின்ற சதுப்புகள் விட்டுச்சென்ற சொத்து.

அதற்கடுத்த சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகத்தில் நிலக்கரிப் படிவே கிடையாது. நிலவியலில் இதற்கு நிலக்கரி இடைவெளி என்று பெயர். செடி கொடி இல்லாமல் இல்லை. புளித்த தண்ணீரில் வேரூன்றி நின்று, உதிர்த்த இலையை மண்ணாகச் சேமிக்கத் தெரிந்த மரங்கள்தான் இல்லை. அந்த வித்தையைக் கற்ற வேறொரு கூட்டம் உருவாகி வருவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. "விட்டால் தானாக வரும்" என்கிற பெரியவரிடம் இந்த ஒரு கோடியை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கோடி என்றால் மனதில் நிற்காது. கண் முன்னே உள்ள கணக்குக்கு வருகிறேன். நம் பகுதி போன்ற வெப்பமண்டலத்தில் கம்புட் மண் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று மில்லிமீட்டர் வளரும். கான், அதாவது வடிகால், வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் முதல் ஐந்தாண்டில் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கிவிடும், அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர். அதாவது, ஓராண்டு வடிகாலில் போவதைத் திரும்பச் சேர்க்க இருபது முப்பது ஆண்டுகள். என் சின்னம்மா வீடு அப்படி ஒரு நிலத்தில், ஆழமாக இறக்கிய கட்டைக்கால்களின் மேல் இருந்தது. குடி புகுந்தபோது வாசலுக்கு மூன்று படி. நான் இடைநிலைப்பள்ளி முடித்தபோது ஐந்து படி. வீடு உயரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சித்தப்பா ஒரு பலகையை அறுத்துக் கீழே சேர்த்து, "நம் வீடு மாடி வீடாகிக்கொண்டிருக்கிறது" என்பார். தோட்டத்துச் செம்பனைகள் (எண்ணெய்ப் பனைகள்) வேர் தெரிய, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரத்தில் கோளாறு இல்லை. அதன் காலடியிலிருந்து தரை கழன்று போய்விட்டது.

அடுத்து, பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நினைக்கும் பழக்கம். இது படித்தவர்களுக்கும் உண்டு.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விண்கல் விழுந்த கதை பிள்ளைகளுக்கே தெரியும். டைனோசர் போன கதை. அந்த அடுக்குக்கு நேர் மேலே உள்ள பாறையில், அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும், திடீரென்று பெரணிச் செடியின் விதைத்துகள்களே நிறைந்திருக்கின்றன. மற்ற மரங்களின் மகரந்தம் ஏறக்குறையக் காணாமல் போய்விட்டது. எரிந்த மண்ணில் முதலில் ஓடி வந்து பரவியது பெரணி. தூரத்திலிருந்து பார்த்தால் பூமி பச்சையாகத்தான் இருந்திருக்கும். கொலம்பியாவில் அந்தக் காலத்து மகரந்தத்தையும் இலைப் படிவங்களையும் பல்லாயிரக்கணக்கில் எண்ணி 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. விண்கல்லுக்குப் பின் அங்கே தாவர வகைகளில் 45 விழுக்காடு மறைந்தன. பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. அப்படித் திரும்பி வந்ததும் பழைய காடு இல்லை. முன்பு வெளிச்சம் தரையைத் தொடும் திறந்த காடு, ஊசியிலை மரங்களும் பெரணியும் கலந்தது. பின்னால் வந்தது உச்சி மூடிய, இருண்ட, பூக்கும் மரங்களின் மழைக்காடு. அதில்தான் அவரைக் குடும்பத்து மரங்கள் தலையெடுத்தன.

பெரணி ஓட்டத்தைப் பார்க்க 6.6 கோடி ஆண்டு பின்னால் போக வேண்டியதில்லை. தீப்பிடித்த கம்புட் நிலத்துக்கு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். இடுப்பளவுக்கு, மலாயில் பாக்கு என்கிற பெரணியும், மேட்டில் லாலாங் புல்லும். அந்தப் பெரணிக் கொழுந்தைப் பறித்து பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டு வதக்கினால் நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது காயத்தின் மேல் உலர்ந்த பொருக்கு. அடியில் தோல் வளர்ந்துகொண்டிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்பதைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் மட்டம் மேலே இருந்தால் பெரணிக்கிடையில் மகாங் மரக்கன்றுகள் தலை நீட்டும், அவற்றின் நிழலில் அடுத்த கூட்டம் வரும். தண்ணீர் வடிந்த நிலமாக இருந்தால் அடுத்த வறட்சியில் அதே பெரணி காய்ந்து தீக்குச்சியாகும். மறுபடி தீ, மறுபடி பெரணி. இந்தச் சுழலில் இருபது ஆண்டாக மாட்டிக்கொண்டிருக்கும் நிலத்தை நான் அளந்திருக்கிறேன். ஆகாயப் படத்தில் அது நல்ல பச்சை.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. கன்று தருபவர் அகாசியா தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகமாக வளரும், படத்துக்கு அழகாக இருக்கும். ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த மரம். தீக்குப் பின் அதன் விதைதான் முந்திக்கொண்டு முளைக்கும். பிறகு உங்கள் மூன்று ஏக்கர் அகாசியாவின் மூன்று ஏக்கர்.

இப்போது நம் ஊர் மரங்களின் பூர்வீகத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி. மெரந்தி, கெருயிங், பாலாவ் என்று இந்த நாட்டுக் காட்டின் பெருமை எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள். போர்னியோவிலும் மலாயாவிலும் அவை இவ்வளவு செழித்திருப்பதைப் பார்த்து, இவை இந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்றுதான் முன்பு நினைத்தார்கள். பிறகு குஜராத்தின் காம்பே பகுதிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் ஐந்து கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான, கல்லாகிப்போன பிசின் கட்டிகள் கிடைத்தன. சோதித்தால் இதே குடும்பத்துப் பிசின். இன்று ஆய்வாளர்கள் வரைகிற வழி இது: ஆப்பிரிக்காவில் பிறந்து, தனித்துண்டாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் ஏறி, இந்தியா ஆசியாவோடு வந்து முட்டிய பிறகு கிழக்கே இறங்கிப் பரவியவை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு ஐந்து கோடி ஆண்டு முன்பே அதே திசையில் வந்தவை இந்த மரங்கள். அந்தப் பிசினும் நமக்குப் புதிதில்லை. கோயிலில் போடுகிற குங்கிலியம் இந்தக் குடும்பத்து மரங்களின் பிசின்தான். திருக்கடவூரில் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கின நாயனார் கையில் இருந்ததும், காம்பே சுரங்கத்தில் ஐந்து கோடி ஆண்டு கிடந்ததும் உறவு.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்த குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. இதன் விதை தூங்காது. விதைநெல்லை வைக்கோலில் கோட்டை கட்டி வைப்பது போல இதைக் கட்டி வைக்க முடியாது. விழுந்து சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில், முளைக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். மண்ணுக்குள் சேமிப்பு கிடையாது. பூப்பதும் ஆண்டுதோறும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காடே சேர்ந்து பூக்கும். விதைக்கு இறக்கை இருந்தாலும் அது பறப்பது பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டர்தான். கண்டம் விட்டுக் கண்டம் வந்ததெல்லாம் இந்த சில பத்து மீட்டர்களைக் கோடி ஆண்டு கூட்டிய கணக்கு. ஆகவே தாய்மரம் போன இடத்தில் நிலத்தை எவ்வளவு காலம் சும்மா விட்டாலும் மெரந்தி வராது. வருவதற்கு வழியே இல்லை.

ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே உள்ள கிரக்காத்தாவ் தீவும் இதையே சொல்கிறது. 1883-இல் வெடித்து, உயிர் துடைத்தெடுக்கப்பட்ட இடம். மூன்று ஆண்டு கழித்துப் போனவர்கள் சாம்பலின் மேல் பாசிப் படலத்தையும் பெரணிகளையும் கண்டார்கள். ஐம்பது ஆண்டுக்குள் மரம் மூடிவிட்டது. எப்படி என்றால், காற்றிலும் கடலிலும் வந்தவை சில, பறவையும் பழந்தின்னி வௌவாலும் வயிற்றில் சுமந்து வந்தவை சில. அத்தி மரங்கள் மட்டும் இருபது வகைக்கு மேல். ஆனால் கனத்த விதை கொண்ட பழங்காட்டு மரங்கள் பல இன்னும் நடுவே உள்ள நாற்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டவில்லை. எது தானாக வரும், எதை நாம்தான் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நிலத்தின் மேட்டு ஓரத்தில் இரண்டு அத்தி நடுங்கள். சின்ன விதைகளைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். உங்கள் முதுகு வலியை மெரந்திக்கு மிச்சம் பிடித்து வையுங்கள்.

மரம் தனியாக வந்ததே இல்லை என்பது அடுத்த விஷயம். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறை இருக்கிறது. வெந்நீர் ஊற்றின் கண்ணாடிப் பொருளில் அப்படியே உறைந்துபோன, நிலத்துக்கு வந்த ஆரம்பகாலச் செடிகள் அதில் உள்ளன. ஒழுங்கான வேர் கூட இல்லாத செடிகள். அவற்றின் திசுவைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே பூஞ்சை இழைகள் குடியிருக்கின்றன. செடி சர்க்கரை கொடுக்க, பூஞ்சை மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. மெரந்தி குடும்பமும் இன்றுவரை வேறு வகைப் பூஞ்சைகளோடு அதே மாதிரி ஒப்பந்தத்தில்தான் வாழ்கிறது.

கூட்டாளி இல்லாமல் வந்த மரம் என்ன பாடுபடும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதன் பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்த வண்டு வரவில்லை. இங்குள்ள சிறு பூச்சிகள் அரைகுறையாகச் செய்தன. மீதியைப் பெண்கள் செய்தார்கள். என் அம்மா செய்தார். முகப்பவுடர் மாதிரி ஒரு தூளில் மகரந்தத்தைக் கலந்து, குழாய் வைத்த ரப்பர் பந்தில் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரமாக ஏறிட்டுப் பார்த்து, விரிந்த பெண்பூவைத் தேடி, முள்ளுக்கிடையில் கையை விட்டுப் பீய்ச்ச வேண்டும். மாலையில் அம்மா வீடு திரும்பும்போது புருவம் வெள்ளையாக இருக்கும், சோம்பு வாசனை அடிக்கும். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணி அளவு கூட இல்லை. சில மாதங்களில் அம்மாவின் அந்த வேலை ஒழிந்தது, குலைகள் கனத்தன. அதுவரை ஒரு வண்டின் வேலையை மனிதர்கள் கூலிக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

நீங்கள் நடப்போகும் 500 கன்றுகளும் பிளாஸ்டிக் பையில் தனியாகத்தான் வரும். கடைச் செம்மண்ணில் வளர்ந்த கன்றைக் கம்புட்டில் இறக்கி நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் விழாவுக்காக 300 கன்றுகள், பெயர்ப்பலகை வேறு. மறு ஆண்டு போனபோது பெயர்ப்பலகைகள் எல்லாம் உயிரோடு இருந்தன. அதற்குப் பிறகு நாற்றுப் பையில் தாய்மரத்தடி மண்ணை ஒரு கைப்பிடி கலக்காமல் மெரந்தி வளர்ப்பதில்லை. வனக்காப்புப் பகுதியிலிருந்து எடுப்பதென்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

"எந்தக் காலத்துக் காட்டைத் திருப்பிக் கொண்டுவருவது?" என்ற கேள்வியையும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். புத்திசாலித்தனமான கேள்வி. 20,000 ஆண்டுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை தரை. சுமத்திராவுக்கு நடந்தே போகலாம்; புலியும் யானையும் காண்டாமிருகமும் அப்படித்தான் போய்வந்தன. பிறகு பனி உருகிக் கடல் ஏறி, ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுக்கு முன் இன்றைவிடச் சில மீட்டர் அதிகமாகவே நின்றது. கோலா சிலாங்கூர் சமவெளி அன்று கடலின் கையில். அது பின்வாங்கிய சேற்றில் அலையாத்தி வளர்ந்து, அதன் பின்னால் தேங்கிய மழைநீரில் கம்புட் காடு பிறந்தது. ராஜா மூசா காட்டின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். திருவள்ளுவருக்கு அதைக் கொஞ்சம் மூத்த அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவே. ஆகவே ஆதிக்காடு என்று ஒன்றைக் குறிவைத்து ஓடாதீர்கள். இன்றைய மழையில், இன்றைய கடல் மட்டத்தில், இந்த மண்ணில் எந்தக் காடு தன் காலில் நிற்கும் என்று பாருங்கள். நிப்பா பனையின் காய்கள் இங்கிலாந்தின் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய களிமண்ணில் கிடைக்கின்றன. அன்று லண்டன் பக்கம் அவ்வளவு வெயில். குளிர் வந்ததும் அங்கிருந்து அற்றுப்போய், நம் ஆற்றோரத்தில் மிஞ்சி, அத்தாப்புக் கூரையாகவும் ஐஸ் கச்சாங் என்ற ஐஸ் இனிப்பில் போடும் பழமாகவும் வாழ்கிறது. தாவரம் நகரும், நகர வழி விட்டால்.

அந்தக் கடல் சேற்றை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்புட்டுக்கு அடியில் அது அப்படியே கிடக்கிறது, கந்தகத்தோடு. நீரில் மூழ்கியிருக்கும் வரை சாது. தோண்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். சாம்பல் நிறக் களிமண்ணில் வைக்கோல் மஞ்சளாகப் புள்ளி தெரிந்தால் அதுதான். கானில் தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து ஒரு மீன்கூட இல்லாமல் இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். "குளம் வெட்டி அல்லி விடுவோம்" என்று யாராவது கூட்டத்தில் கிளம்பினால் அங்கேயே உட்கார வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று ஏக்கர். நிலம் யார் பெயரில் என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் பார்த்து எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வளர்த்த பிறகு வெட்டப்படுவதைப் போல மனம் உடைப்பது வேறில்லை. அடுத்தது ஆழம் பார்ப்பது. கம்புட் அரை மீட்டர் கூட இல்லையென்றால் நான் இதுவரை சொன்னதில் பாதியை மறந்துவிட்டுச் சாதாரணத் தோப்பாகவே போடலாம். ஒன்றரை இரண்டு மீட்டர் இருந்தால், தென்பக்கத்துப் பழைய கானை அடைப்பதுதான் முதல் ஆண்டு வேலை. மணல் மூட்டையும் பலகையும் போதும். ஒரே பெரிய அணையாகப் போட்டால் மழையில் உடைத்துக்கொண்டு போகும், சின்னச் சின்னதாகப் படிப்படியாகப் போட வேண்டும். வடிகால் துறையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மேல்பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஏறிவிடக் கூடாது. ராஜா மூசாவில் வனத்துறையும் தன்னார்வலர்களும் 2008 முதல் செய்துவருவதும் இதே வரிசைதான்: கானை அடைப்பது, தீயைத் தடுப்பது, மகாங், தெங்கெக் பூரோங் போன்ற முன்னோடி மரங்களை வரவிடுவது. பல ஊர் மக்கள் அங்கே போய் நட்டிருக்கிறார்கள். நீங்களும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது மேல்.

தண்ணீர் நின்ற பிறகு ஓராண்டு எதுவும் நடாமல் எது தானாக முளைக்கிறது என்று குறித்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. இரண்டாம் ஆண்டு, முளைத்த மகாங் நிழலில் மெரந்தி பாயா, கெம்பாஸ் கன்றுகளை இறக்கலாம். ஐம்பது போதும். மூன்று ஏக்கர் ராஜா மூசா ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து பறவை கொண்டுபோகும் விதை ஆற்றோரத்து அடுத்த துண்டு நிலத்தில் விழும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

500 கன்று தருபவரிடம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க மாட்டேன் என்றால் பள்ளிக்கூடத்து மேட்டு நிலத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வீணாகாது. வரும் சனிக்கிழமை காலை ஏழரைக்கு மூன்று பேர் முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோயில் பின்வாசலுக்கு வந்தால் போதும். குழாய் என்னிடம் இருக்கிறது. பாராங் கத்தி ஒன்றும் அளவு நாடாவும் கொண்டுவாருங்கள். அட்டைக்குப் புகையிலை நான் எடுத்து வருகிறேன். அந்தப் பெரியவரையும் அழைத்து வாருங்கள்.